மலையில 150 பேருக்கு ஒரு பால்வாடி, வயசானவங்களுக்கு?

(ஏற்காடு மலை கிராமம் ஒண்ணுல சமுதாயக் கூடத்துல பேசினது, பேசின மாதிரியே எழுதியிருக்கேன்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊர்க்கவுண்டர் ஐயா, மகளிர் குழு அக்கா தங்கச்சிங்க, எஸ்டேட்ல அரை நாள் கூலிய விட்டுட்டு வந்திருக்கிறவங்க எல்லாருக்கும் வணக்கம். மழை இறங்கற மாதிரி இருக்கு, அதனால நேரா விசயத்துக்கு வந்துடறேன்.

இங்க பாதிப் பேருக்கு என்னைய பால்வாடி டீச்சராத்தான் தெரியும். இந்த மலைலயே வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவ. நான் மடில வச்சு சத்துமாவு ஊட்டின புள்ளைங்க இன்னிக்கு அதுங்க புள்ளைய இடுப்புல தூக்கிட்டு முன்னாடி உக்காந்திருக்குதுங்க, பாக்கவே மனசு நெறஞ்சு போச்சு. ஆனா இன்னிக்கு பேச வந்தது புள்ளைங்களப் பத்தி இல்லீங்க. அந்தப் புள்ளைங்கள தெனமும் கையப் புடிச்சு கூட்டியாந்து விட்டாங்களே ஆயாங்க, அவங்களப் பத்தி.

நம்ம பக்கம் பாட்டியவும் ஆயான்னுதான் கூப்புடறோம், பால்வாடில சமைக்கிறவங்களயும் ஆயான்னுதான் கூப்புடறோம். ரெண்டு பேரும் சோறு போட்டு வளத்தவங்கதானே.

1975 அக்டோபர் 2, அன்னிக்குத்தான் நம்ம நாட்டுல இந்த அங்கன்வாடி திட்டத்த ஆரம்பிச்சாங்க. அதுல எனக்கு ரொம்பப் புடிச்சது என்னன்னா ஆள் கணக்கு. பின்னாடி திருத்தினப்போ சமவெளில 400லேர்ந்து 800 பேருக்கு ஒரு மையம்னாங்க, மலைன்னா 300 பேர் போதும்னாங்க, அதுவும் இல்லாத குக்கிராமமா இருந்தா 150 பேருக்கே ஒரு மினி அங்கன்வாடி வைக்கலாம்னு எழுதினாங்க. துணை சுகாதார நிலையமும் அப்படித்தான், கீழ 5000 பேருக்கு ஒண்ணு, மலைல 3000 பேருக்கு ஒண்ணு. அதாவது மலைல இருக்கிறவங்களால நடந்து வர முடியாது, வீடு தள்ளித்தள்ளி இருக்கும், பஸ் வந்தா உண்டு இல்லேன்னா இல்லங்கறத கவர்மெண்ட்டே ஒத்துக்கிட்டு எழுதி வச்ச கணக்கு அது. எஸ்டேட்டுக்கும் 1951லயே தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு, 50 பொம்பளைங்க வேலை செஞ்சா, இல்ல அவங்களுக்கு 6 வயசுக்குக் கீழ 20 புள்ளைங்க இருந்தா, அங்கயே ஒரு புள்ளைக் காப்பகம் இருக்கணும்னு. புள்ளைங்கள எண்ணியிருக்காங்க, தாய்மாருங்கள எண்ணியிருக்காங்க.

இப்ப வயசானவங்க கணக்கப் பாருங்க. 2007ல பெத்தவங்க பராமரிப்புச் சட்டம் வந்துச்சு, நல்ல சட்டம், புள்ளைங்க பாக்கலேன்னா ஆர்டிஓ, அதான் வருவாய் கோட்டாட்சியர், அவர்கிட்ட மனு குடுக்கலாம். முதியோர் இல்லத்தப் பத்தி அதுல என்ன இருக்குன்னா, மாவட்டத்துக்கு ஒண்ணாவது, ஆதரவில்லாத 150 பேராவது தங்கற மாதிரி. அங்கயும் 150தான் வருது, ஆனா எவ்வளவு வித்தியாசம் பாருங்க! புள்ளைங்களுக்கு 150 பேர் இருக்கிற ஊருக்கே ஒரு எடம், பெரியவங்களுக்கு மொத்த சேலம் மாவட்டத்துக்கும் சேத்து 150 பேருக்கு எடம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பொறந்து வளந்த மலைய விட்டுட்டு, ஆடு கோழிய விட்டுட்டு, சாமி கும்புட்ட கோயில விட்டுட்டு எந்த ஆயா அங்க போய் படுக்கும்? போகாதுங்க. எனக்கு வயசானாலும் நான் போக மாட்டேன்.

என் மையத்துல நடந்த ஒண்ணு சொல்றேன். ஒரு ஆயா, பேர் வேணாம், பேத்திய தெனம் கூட்டிட்டு வரும். மகனும் மருமகளும் மொளகு பறிக்க கேரளாவுக்குப் போயிட்டாங்க, நம்ம ஊர்ல இது புதுசா என்ன. பேத்தி ஒண்ணாங்கிளாஸ் போயிருச்சு, ஆனா ஆயா வர்றத நிறுத்தல. திண்ணைல உக்காந்து கீரை ஆஞ்சு குடுக்கும், அழற புள்ளைய வாங்கி தட்டிக் குடுக்கும், கதை சொல்லும். நான் ரிஜிஸ்டர்ல புள்ளைங்க பேர் கூப்புடறப்போ கடைசியா அது பேரயும் சேத்து கூப்புடுவேன், "உள்ளேன் டீச்சர்"னு சொல்லிட்டு வாய் நெறைய சிரிக்கும். ஐப்பசி மழைல ஒரு நாள் வரல. காச்சலா இருக்கும்னு விட்டுட்டேன். மறு நாளும் பேர் கூப்புட்டப்போ சத்தம் இல்ல, எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, சமையல் ஆயாவ ஓடுன்னு அனுப்பினேன். வழுக்கி விழுந்து இடுப்பு போயி பின்கட்டுல கெடந்திருக்கு, அந்தப் பேத்திப் புள்ள பக்கத்துல உக்காந்து தண்ணி குடுத்துக்கிட்டு இருந்திருக்கு. 108க்கு போன் போட்டு, வண்டி வர்ற எடம் வரைக்கும் போர்வைல தூக்கிட்டுப் போயி, சேலம் பெரியாஸ்பத்திரில சேத்து, பொழைச்சிருச்சு. பொழைச்சதுக்கு காரணம் டாக்டருங்கதான், இல்லேங்கல, ஆனா அதுக்கு முன்னாடி அது வரலேங்கறத கவனிக்க ஒரு எடம் இருந்துச்சே!

அதத்தாங்க நான் கேக்கறேன். வரலேன்னா ஏன் வரலேன்னு தேடற எடம் ஒண்ணு.

உதவி எதுவுமே இல்லேன்னு நான் சொல்ல வரல. மாசம் 1200 ரூவா பென்ஷன் வருது. 2021 ஆகஸ்ட்லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருது, அந்தத் தங்கச்சிங்க பாறை மேல ஏறி வந்து குடுக்கறாங்க, அவங்கள கையெடுத்துக் கும்புடணும். ஆனா அவங்க மாத்திரைய குடுத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போகணும், மீதி நாளெல்லாம் யாருங்க? பென்ஷன் கதையும் அப்படித்தான், ஆயுசு பூரா காபிப் பழம் பறிச்சு தேஞ்ச வெரல அந்தக் கைரேகை மிஷின் எடுக்க மாட்டேங்குது, மூணு தடவ நாலு தடவ அழுத்தி, அப்புறம் அடுத்த வாரம் வாங்கன்னா ஒரு ஆயா எத்தன மேடு ஏறி எறங்கும்?

புதுசா கட்டடம் வேணாங்க. இந்த சமுதாயக் கூடம் கல்யாணம் காதுகுத்து இல்லாத நாள்ல பூட்டித்தான் கெடக்குது. பகல்ல தொறந்து வைப்போம். மத்தியானம் சூடா சோறு. இது ஒண்ணும் புதுசு இல்ல, எம்.ஜி.ஆர் 1982ல சத்துணவு ஆரம்பிச்சு அடுத்த வருசமே முதியோர் பென்ஷன் வாங்கறவங்களுக்கும் மத்தியானச் சாப்பாடு சேத்தாரு. பிரஷர் பாக்கற தங்கச்சியும் பென்ஷன் மிஷின் தம்பியும் ஆளாளுக்கு வீடு தேடி அலையறதுக்கு பதிலா ஒரு நாள் குறிச்சு இங்க வந்துடலாம், படுத்த படுக்கையா இருக்கிறவங்க வீட்டுக்கு மட்டும் போனா போதும். சாயங்காலம் கூட்டிட்டுப் போக நம்ம புள்ளைங்க இருக்குதுங்க. எல்லாத்துக்கும் மேல ஒரு ரிஜிஸ்டர், ஒருத்தர் தெனம் பேர் கூப்புடணும்.

வர்ற அக்டோபர் 2 கிராம சபை. அங்கன்வாடி பொறந்த அதே நாள். தீர்மானம் போடணும்னா வெறும் பேச்சு பத்தாது, எத்தன பேர், எந்த வீடு, யாருக்கு நடக்க முடியும், யாருக்கு முடியாதுன்னு பட்டியல் வேணும். அதான் பழைய பழக்கத்துல கோடு போட்ட நோட்டு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். மழை வர்றதுக்குள்ள எழுதிடலாம். மேல்தெருவுலேர்ந்து ஆரம்பிப்போம். மொத வீட்டுல யாருங்க இருக்கா?