பையில் தூங்கும் போனை டவர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? தொப்பூர் கணவாய் முதல் சித்தேரி மலை வரை

[காட்சி: பஸ் ஜன்னல் வழியே தொப்பூர் கணவாய்]

வணக்கம் நண்பர்களே. தர்மபுரியிலிருந்து சேலம் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். போன் சட்டைப் பையில் கிடக்கிறது. யாரிடமும் பேசவில்லை, வீடியோ பார்க்கவில்லை, நெட்டைக்கூட அணைத்து வைத்திருக்கிறீர்கள். பஸ் தொப்பூர் கணவாயில் இறங்குகிற நேரம் பார்த்து அரூரிலிருந்து அத்தை கூப்பிடுகிறார். சில நொடிகளில் உங்கள் பையில் மணி அடிக்கிறது.

இந்தியாவில் நூறு கோடிக்கும் மேல் மொபைல் இணைப்புகள் இருக்கின்றன. அத்தனைக்கும் நடுவில் உங்கள் போன் இந்த வளைவில், இந்தப் பஸ்ஸில் இருக்கிறது என்று நெட்வொர்க்குக்கு யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை. அத்தை எண்ணை அழுத்துகிற வரைக்கும் நீங்கள் எந்த டவரின் கீழ் இருக்கிறீர்கள் என்பது நெட்வொர்க்குக்கே சரியாகத் தெரியாது! அப்புறம் மணி எப்படி அடித்தது? இன்றைய வீடியோ அதைப் பற்றித்தான். பாதியில் போய்விடாதீர்கள். சித்தேரி மலைக்குப் போனால் மட்டும் சார்ஜ் ஏன் அவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதற்கும் இதற்குள்ளேயே பதில் இருக்கிறது.

[காட்சி: பழைய கருவிகளின் படங்கள், வேகமாக]

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடலாம். கையோடு எடுத்துப்போகிற கருவி, அதைக் கம்பியில்லாமல் இணைக்கிற நெட்வொர்க், இரண்டையும் நம்பி ஓடுகிற மென்பொருள், இந்த மூன்றும் சேர்ந்தால் மொபைல் கம்ப்யூட்டிங். ஸ்மார்ட்போன், டேப்லெட், லேப்டாப், ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் இந்தக் கூட்டம். ரேஷன் கடை பில் மெஷினும் கண்டக்டரின் டிக்கெட் மெஷினும்கூட இதில் சேர்த்திதான்.

1981-ல் வந்த ஆஸ்பார்ன் 1 கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று விற்றார்கள். எடை சுமார் 11 கிலோ, திரை 5 அங்குலம், உள்ளே பேட்டரி கிடையாது. 1983-ல் மோட்டோரோலாவின் டைனாடாக் போன் வந்தது. அரை மணி நேரம் பேசலாம், சார்ஜ் ஏற 10 மணி நேரம். 1991-ல் சோனி லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, கருவிகளின் எடை குறைந்தது. 1995 ஜூலை 31-ம் தேதி மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக் ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு அது. 2007-ல் ஐபோன், 2008-ல் ஆண்ட்ராய்டு. வரலாறு இவ்வளவு போதும், நம்ம பஸ்ஸுக்குப் போகலாம்.

[காட்சி: வரைபடம். தர்மபுரி, நல்லம்பள்ளி, தொப்பூர் டவர்கள்]

ஒரு பகுதியில் இருக்கிற பல டவர்களை நிறுவனங்கள் ஒரே வட்டாரமாகச் சேர்த்து வைத்திருக்கும். உங்கள் போன் சும்மா இருக்கும்போது நெட்வொர்க்குக்குத் தெரிவது அந்த வட்டாரம் மட்டுமே. வட்டாரத்துக்குள் நீங்கள் எத்தனை டவர் தாண்டினாலும் போன் வாய் திறக்காது, எந்த டவர் நன்றாகக் கேட்கிறதோ அதன் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருக்கும். வட்டார எல்லையைத் தாண்டினால்தான், "நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன்" என்று சின்னதாக ஒரு தகவல் அனுப்பும். எல்லை தாண்டாவிட்டாலும், "இங்கேதான் இருக்கிறேன்" என்று நீண்ட இடைவெளிக்கு ஒரு முறை சொல்லி வைக்கும்.

இப்போது அத்தையின் அழைப்பு வருகிறது. ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்குக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரைத் தேடி யாரும் ஆள் ஆளாகப் போய் முகம் பார்ப்பதில்லை. மைக்கில் பெயரைச் சொல்வார்கள், "எங்கிருந்தாலும் உடனே காவல் உதவி மையத்துக்கு வரவும்" என்பார்கள். எல்லோர் காதிலும் விழும், அந்தப் பெயர்க்காரர் மட்டும் எழுந்து வருவார். நெட்வொர்க் செய்வது அதையேதான். நீங்கள் கடைசியாக இருந்ததாகத் தெரிந்த டவரில் முதலில் கூப்பிட்டுப் பார்க்கலாம். பதில் இல்லையென்றால் வட்டாரத்து டவர்கள் எல்லாவற்றிலும் உங்கள் போனின் பெயர் ஒலிக்கும். உங்கள் போன் மட்டும், "இதோ இருக்கிறேன்" என்று பக்கத்து டவருக்குப் பதில் சொல்லும். அந்த நொடியில்தான் நீங்கள் எந்த டவரின் கீழ் இருக்கிறீர்கள் என்பது தெரியவரும். பிறகு மணி அடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. அந்த மைக்கை உங்கள் போன் எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரி தாங்காது. அதனால் போனும் நெட்வொர்க்கும் முன்கூட்டியே நேரம் பேசி வைத்துக்கொள்கின்றன. 4ஜி போன் வழக்கமாக 1.28 நொடிக்கு ஒரு முறை விழிக்கிறது, சில மில்லி நொடிகள் மட்டும் கேட்கிறது, தன் பெயர் வரவில்லை என்றால் ரேடியோவை அணைத்துவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறது. நீங்கள் இந்த வீடியோவைப் பார்க்கிற நேரத்தில், பக்கத்து அறையில் சும்மா கிடக்கிற இன்னொரு போன் பல நூறு முறை எழுந்து படுத்திருக்கும். எந்தத் துளி நொடியில் எந்தப் போன் விழித்திருக்கும் என்பது நெட்வொர்க்குக்குத் தெரியும், சரியாக அந்த நேரத்தில்தான் கூப்பிடும். பேட்டரி நாள் முழுக்கத் தாங்குவதற்கு இந்தத் தூக்கம் ஒரு பெரிய காரணம். இதை யோசித்துச் செய்த பொறியாளர்களுக்கு மனதார ஒரு சலாம்.

மைக்கில் சொல்வது உங்கள் உண்மையான அடையாள எண்ணும் இல்லை. உங்களை யாரும் ஒட்டுக்கேட்டுப் பின்தொடரக் கூடாது என்று நெட்வொர்க் ஒரு தற்காலிகப் பெயர் கொடுத்து, அதை அவ்வப்போது மாற்றியும் வைக்கும். அப்புறம், 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கிறதா? பேரிடர் எச்சரிக்கைச் சோதனை. அதுவும் டவரிலிருந்து வந்த அறிவிப்புதான், ஆனால் பெயர் எதுவும் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாகச் செய்தது. யாருடைய எண்ணும் அதற்குத் தேவைப்படவில்லை.

[காட்சி: அரூரிலிருந்து சித்தேரி மலைப்பாதை]

சரி, சித்தேரிக்கு வருவோம். மலைக்குப் போனால் சார்ஜ் நிற்பதில்லை, பேட்டரி போய்விட்டது போலிருக்கிறது என்று கடைக்கு ஓடாதீர்கள். டவர் பக்கத்தில் இருந்தால் போன் மிகக் குறைந்த பவரில் பதில் அனுப்பும். தூரம் கூடினாலோ, நடுவில் மலை மறைத்தாலோ, "இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு" என்று டவர் சொல்லிக்கொண்டே இருக்கும், போனும் கூட்டிக்கொண்டே போகும். 4ஜி போனின் உச்சபட்ச பவர் 0.2 வாட்தான். ஆனால் தேவையில்லாத இடத்தில் அது இறங்கக்கூடிய அளவையும் இந்த உச்சத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் 20 லட்சம் மடங்கு. ஆமாம், 20 லட்சம்! ஒரு துளி சில்லு அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசிவரை தன்னை மாற்றிக்கொள்கிறது.

டவரே கிடைக்காத இடத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே தூங்குவதற்கு நேரம் பேசி வைக்க ஆள் இல்லை. ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடிக்கொண்டே இருக்கும். அதனால் மலையேறும்போது ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். கேமராவும் ஜிபிஎஸ்ஸும் அப்போதும் வேலை செய்யும். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, செயற்கைக்கோள் போதும். வரைபடத்தை மட்டும் கிளம்புவதற்கு முன்பே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேசிக்கொண்டே பயணம் செய்யும்போது நடப்பது வேறு. பக்கத்து டவர்களின் வலுவைப் போன் அளந்து அனுப்பிக்கொண்டே வரும். புதிய டவர் தெளிவான வித்தியாசத்தில் முந்தினால் நெட்வொர்க் அழைப்பை அங்கே கைமாற்றிவிடும். நூறு மில்லி நொடிகூட ஆகாது, உங்கள் காதுக்குத் தெரியாது. தொப்பூர் மாதிரி மலைச்சரிவில் ஒரே வளைவில் பழைய டவர் மறைந்து, புதியதை அளந்து முடிப்பதற்குள் இணைப்பு போய்விட்டால்தான் "ஹலோ... ஹலோ..." என்று கத்த வேண்டியிருக்கும். ஓசூர் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போகிறவர்களுக்குக் கர்நாடகா வரவேற்பு மெசேஜ் வருவதும் இதன் தொடர்ச்சிதான். வேறு மாநிலத்து நெட்வொர்க் உங்களை விருந்தாளியாகப் பதிந்துகொண்டு, உங்கள் சொந்த நெட்வொர்க்குக்கும் தகவல் சொல்லிவிடுகிறது.

[காட்சி: கண்டக்டரின் டிக்கெட் மெஷின், நெருக்கமாக]

இதனால் நமக்கு என்ன பயன் என்று நான் நீட்டி முழக்கத் தேவையில்லை. 2018-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த உழவன் செயலியில் சந்தை விலை, வானிலை, மானியம் எல்லாம் பார்க்கலாம். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு ஒரு நாள் விலை என்றால் என்ன என்பது தெரியும். டீக்கடையில் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர் பக்கமுள்ள டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் வெளிக்கூடே தயாராகிறது.

நான் பாராட்ட நினைப்பது கண்டக்டர் கையில் இருக்கிற சாதாரண டிக்கெட் மெஷினை. கட்டண விவரமும் ஸ்டேஜ் விவரமும் அதற்குள்ளேயே இருக்கும். அஞ்செட்டிக் காட்டுக்குள் ஒரு பாயிண்ட்கூட சிக்னல் இல்லாவிட்டாலும் டிக்கெட் வரும், கணக்கு அதிலேயே நிற்கும், டெப்போவுக்கு வந்ததும் ஒப்படைத்துவிடலாம். நகர்கிற கருவிக்கு இணைப்பு அவ்வப்போது அறுந்துதான் போகும் என்று தெரிந்து செய்த வடிவமைப்பு அது. ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்தால் எங்கேயோ இருக்கிற சர்வரைக் கேட்டாக வேண்டும். நெட் வராவிட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், வரிசையில் நிற்கிற பாட்டி கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார். யுபிஐ-யும் பெரும்பாலும் அப்படித்தான். *99# என்று அடித்து நெட் இல்லாமல் பணம் அனுப்பும் வழி இருக்கிறது, ஆனால் அதற்கும் சிக்னல் வேண்டும். சிக்னலும் இல்லாமல் இரண்டு போன்களை ஒட்டிவைத்து அனுப்புகிற யுபிஐ லைட் எக்ஸ் 2023-ல் அறிமுகமானது. அதற்கு என்எஃப்சி, அதாவது மிக அருகில் வைத்தாலே தகவல் பரிமாறுகிற வசதி, இருக்கிற போன் வேண்டும், மலிவான போன்கள் பலவற்றில் அது கிடையாது.

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் உட்கார்ந்து செயலி எழுதுகிற நண்பர்களே, உங்களில் எத்தனையோ பேர் ஓசூரில்தான் குடியிருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி வரைக்கும் உங்கள் செயலியோடு போய்வாருங்கள். சிக்னல் போனால் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். எழுதிய தகவலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, டவர் வந்ததும் தானே அனுப்புகிறதா? இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "மீண்டும் முயற்சிக்கவும்" என்கிறதா? கொரோனா காலத்தில் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டிலும் பாறையிலும் ஏறிப் படித்தார்களே. பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வழி செய்திருந்தால் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படித்திருக்கலாம்.

[காட்சி: சிம்ப்யூட்டர் படம்]

இந்த யோசனை பெங்களூருக்குப் புதியதும் இல்லை. 2001-ல் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் அங்கிருந்த ஒரு மென்பொருள் நிறுவனத்துப் பொறியாளர்களும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கினார்கள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும், தொடுதிரை உண்டு, இந்திய மொழிகளில் எழுத்தைப் படித்துக் காட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் மனதில் வைத்துச் செய்தது. ஊருக்கு ஒரு கருவி இருந்தால் போதும், ஒவ்வொருவரும் தங்கள் ஸ்மார்ட் கார்டைச் செருகிப் பயன்படுத்தலாம் என்பது திட்டம். 2004-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்து விற்பனைக்கு வந்த அமிடா சிம்ப்யூட்டரில், கருவியை அசைத்தாலே பக்கம் திரும்புகிற வசதி இருந்தது. ஐபோன் வருவதற்கு மூன்று வருடம் முன்னால்! விற்றது சில ஆயிரங்கள்தான். நம்ம ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் நடந்த இந்த வேலையை நம்ம பள்ளிக்கூடங்களில் யாராவது சொல்லித்தர வேண்டும் என்று நான் உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

மற்ற சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில் பைக் டேங்க் மேல் போனை வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. *#06# அடித்தால் வருகிற 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்ணை, வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் போனை முடக்கலாம். பண மோசடி என்றால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். மலையில் உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் 112 அடித்துப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் அதன் வழியாக அவசர அழைப்பு போகும்படிதான் போன்களை வடிவமைத்திருக்கிறார்கள்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உங்களுக்குத் தெரிந்து டவர் அடியோடு எடுக்காத இடம் எது? ஊர்ப் பெயர், எந்த சிம், எந்த வளைவில் போகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று கீழே எழுதுங்கள். வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கத்து நண்பர்கள் கட்டாயம் எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் குறித்து அடுத்த வீடியோவில் போடுகிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போய் மனுவோடு இணைத்துக் கொடுக்கலாம்.