பாட்டும் மருந்துதான், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களுக்கும், எங்க அணித் தலைவருக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இந்தப் பனியிலயும் பாய விரிச்சு உக்காந்திருக்கிற நம்ம ஊரு பெரியவங்களுக்கும் வணக்கம்.

இசை மனசுக்கு ஆறுதல் மட்டுமா, உடம்புக்கும் மருந்தா? இதான் தலைப்பு. நான் மருந்துன்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன், "தலைவலின்னா மாத்திரை போடுவீங்களா, பாட்டு கேப்பீங்களா?"ன்னு கேட்டாரு, நல்லா கைதட்டலும் வாங்கிட்டாரு. கைதட்டுனவங்க எங்க வீட்டுல நடந்ததையும் கொஞ்சம் கேளுங்க.

எங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. மூளையில இடது பக்கம். வலது கையும் காலும் விழுந்துருச்சு, கூடவே பேச்சும் போச்சு. நாம பேசுறது அவருக்குப் புரியுது, என்ன சொல்லணும்னும் அவருக்குத் தெரியுது, ஆனா வார்த்தை வரமாட்டேங்குது, தண்ணி வேணும்னு கைய காட்டுவாரு, நான் குளிருது போலன்னு போர்வைய எடுத்துட்டுப் போவேன், அவரு தலைய ஆட்டி ஆட்டிக் கடைசில கண்ணு கலங்கிரும். மூணு மாசம் இப்படித்தான் ஓடுச்சு. ஒருநாள் எங்க அத்தை பாக்க வந்தாங்க. அப்பாவோட அக்கா, ரெண்டு பேரும் சின்ன வயசுல மார்கழி பஜனைல ஒண்ணா பாடிட்டு தெருத்தெருவா போனவங்க. தம்பிகிட்ட என்ன பேசுறதுன்னு தெரியாம, அவரு கைய புடிச்சுக்கிட்டு அந்தப் பழைய பஜனைப் பாட்ட மெல்ல ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது அடியில எங்கப்பா சேந்துக்கிட்டாரு! முனகல் இல்ல நடுவர் அவர்களே, வார்த்தை வார்த்தையா முழு அடி. அடுப்படில இருந்த எங்கம்மா கரண்டியோட ஓடி வந்துட்டாங்க.

இது எங்க வீட்டுல மட்டும் நடந்த அதிசயம் கிடையாது. சுவீடன்ல 18-ஆம் நூற்றாண்டுலயே ஓலோஃப் டாலின்ங்கிறவரு, பேச்சு போன ஒரு ஆளு சர்ச் பாட்ட மட்டும் வார்த்தையோட பாடுனாருன்னு எழுதி வச்சிருக்காரு. ஏன் அப்படி? பெரும்பாலானவங்களுக்கு பேச்சு இடது மூளைய நம்பித்தான் இருக்கு, ஆனா பாடும்போது ரெண்டு பக்கமும் வேலை செய்யுது, மெட்டுல வலது பக்கத்துக்குப் பெரிய பங்கு. மெயின் ரோட்ட அடைச்சுட்டா பஸ்ஸ ஊருக்குள்ள சுத்தி விடுறாங்கல்ல, அந்த மாதிரி.

1973ல அமெரிக்காவுல ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம்னு மூணு பேரு இத ஒரு சிகிச்சையாவே கொண்டு வந்தாங்க, மெலாடிக் இன்டோனேஷன் தெரபின்னு பேரு. எங்கப்பாவுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லிக் குடுத்தது அதுதான். "தண்ணி வேணும்"ங்கிறத ஒரு எழுத்த இறக்கி ஒரு எழுத்த ஏத்தி ராகமா இழுக்கணும், ஒவ்வொரு அசைக்கும் இடது கையால தொடையில தட்டணும், முதல்ல நாம கூடப் பாடணும், அப்புறம் பாதியில விட்டுடணும், அப்புறம் அவரே பாடணும், கடைசில ராகத்த கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பேச்சாக்கணும். எத்தன நூறு தடவன்னு எனக்கே கணக்கில்ல. 2011ல தலையில குண்டடி பட்ட அமெரிக்க எம்பி கேபி கிஃபர்ட்ஸ், அவங்களும் இசை சிகிச்சையோட துணையிலதான் பேச்ச மீட்டாங்க.

எதிரணில சொல்லலாம், இதெல்லாம் அவரவர் அனுபவம், கணக்கு எங்கன்னு. இருக்குங்க. 2008ல பின்லாந்து ஹெல்சிங்கில ஸ்ட்ரோக் வந்தவங்கள மூணு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழு ரெண்டு மாசம் தினமும் பிடிச்ச பாட்டு கேட்டுச்சு, இன்னொரு குழு ஒலிப்புத்தகம் கேட்டுச்சு, மூணாவது குழுவுக்கு ரெண்டும் இல்ல, வழக்கமான வைத்தியம் எல்லாருக்கும் உண்டு. பாட்டு கேட்டவங்களுக்குத்தான் வார்த்தைகள ஞாபகம் வச்சுக்கிறதும் கவனமும் மத்தவங்கள விட நல்லா தேறுச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடியோ பின்னாடியோ பாட்டு கேட்டவங்களுக்கு வலியும் பயமும் குறையுது, வலி மருந்தும் கம்மியா தேவைப்படுதுன்னு 2015ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு, 70க்கு மேல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்து சொன்னது. வலி மாத்திரையே குறையுதுன்னா அண்ணனோட தலைவலிக் கேள்விக்கு அதுலயே பாதி பதில் வந்துருச்சு.

மனசு வேற உடம்பு வேறன்னு எதிரணி கோடு போடுறாங்கல்ல, அதுவும் எனக்கு ஒத்துக்க முடியல. நல்ல பாட்டு உச்சத்துக்குப் போறப்ப புல்லரிக்குதே, அந்த நேரத்துல மூளையில டோபமின்ங்கிற ரசாயனம் சுரக்குதுன்னு 2011ல கனடாவுல மான்ட்ரியல்ல ஸ்கேன் எடுத்தே காட்டிட்டாங்க. அந்த இடம் வர்றதுக்கு முன்னாடி, இதோ வரப்போகுதுன்னு காத்திருக்கிறப்பவே சுரக்க ஆரம்பிச்சிருது. புல்லரிக்கிறது மனசா, தோலா? நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணையும் நேர்மையா சொல்லிடுறேன். மொசார்ட் கேட்டா குழந்தைக்கு அறிவு வளரும்னு ஒரு பேச்சு உண்டு. 1993ல வந்த அந்த ஆய்வு 36 காலேஜ் பசங்கள வச்சு நடந்தது, பலன் நின்னதே கால் மணி நேரத்துக்குள்ளதான், அதுல குழந்தையே கிடையாது. இந்த ராகம் கேட்டா சர்க்கரை குறையும்னு வாட்ஸ்அப்ல வர்றதையும் எங்க அணி தூக்கிக்கிட்டு வரல. அத நம்பி யாராவது ஊசிய நிறுத்துனா உயிருக்கே ஆபத்து, தயவுசெஞ்சு செய்யாதீங்க. எந்த மருந்துக்கும் அளவு உண்டு. இசைக்கும் உண்டு. சத்தம் 80 டெசிபல் அளவுன்னா வாரத்துக்கு 40 மணி நேரம், அதுக்கு மேல காதுக்குக் கேடுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஹெட்போன மாட்டிக்கிட்டே தூங்குற பிள்ளைங்க இத கேட்டுக்கணும். அளவு மீறினா உடம்ப கெடுக்குற ஒண்ணு, அளவா இருந்தா மட்டும் உடம்ப தொடாம மனசோட நின்னுருமா?

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கிறேன். எங்கப்பா இன்னைக்கும் பிபி மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ரெண்டும் போடுறாரு, ஒருநாள் கூட நிறுத்தல. மாத்திரை போட்டு முடிச்சதும் அரை மணி நேரம் நாங்க ரெண்டு பேரும் பாடுவோம். சாயந்திரம் இங்க கிளம்புறப்ப வாசல்ல நாற்காலில உக்காந்திருந்தாரு. இடது கையால தொடையில ரெண்டு தட்டு தட்டி, "போயிட்டு... வா"ன்னாரு. கொஞ்சம் ராகம் ஒட்டிக்கிட்டுதான் வருது இன்னும்.

நன்றி, வணக்கம்.