சிறையிலிருந்து பவுல் கேட்டவை

அன்பானவர்களே, பிறருக்காக ஜெபிக்க உட்காரும்போது எனக்கு நேர்வதைச் சொல்கிறேன். ஒரு பெயர். "ஆண்டவரே, இவரை ஆசீர்வதியும், சுகம் கொடும், வேலை கொடும்." அடுத்த பெயர், அதே மூன்று வரி. நான்காவது பெயருக்குள் மனம் எங்கோ போயிருக்கும். அன்பு இல்லாமல் இல்லை, வார்த்தைதான் தீர்ந்துபோகிறது.

எனக்குக் கைகொடுத்தது கொலோசெயர் நிருபம், கொலோசெ பட்டணத்துச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதம். அதை அவர் சிறையில் கட்டப்பட்டவராக இருந்து எழுதுகிறார். கொலோசெ சபையார் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவர்களில் ஒருவரான எப்பாப்பிரா என்ற ஊழியர் சொல்லித்தான் அவர்களைப் பற்றி அறிகிறார். ஆனாலும் கேள்விப்பட்ட நாள்முதல் இடைவிடாமல் ஜெபிப்பதாக எழுதுகிறார். என்ன கேட்கிறார்? அவர்கள் தேவனுடைய சித்தத்தை அறிய வேண்டும், நற்கிரியைகளில் கனிதர வேண்டும், சந்தோஷத்தோடு பொறுமையாயிருக்கப் பலம் பெற வேண்டும். முதல் அதிகாரம், 9 முதல் 12 வரை. என் மூன்று வரிகளில் ஒன்றுகூட அங்கே இல்லை.

அப்படியானால் வேலைக்கும் சுகத்துக்கும் ஜெபிக்கக் கூடாதா? தாராளமாக ஜெபிக்கலாம். இதே பவுல் பிலேமோன் என்ற விசுவாசிக்குச் சிறையிலிருந்து எழுதும்போது, உங்கள் ஜெபத்தினால் வந்து சேருவேன் என்று நம்புகிறேன், எனக்குத் தங்க இடம் ஆயத்தம் பண்ணும் என்கிறார். விடுதலையை அவரும் எதிர்பார்த்தார். ஆனால் வேலை கிடைக்கும்வரை அந்த மனிதருக்குள் என்ன நடக்க வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை. அதை யோசிக்க வைத்தது வேதம். இப்போதெல்லாம் அந்த நான்கு வசனங்களை மெதுவாக வாசித்து, 'நீங்கள்' என்று வரும் இடத்தில் ஒருவருடைய பெயரை வைக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரே பெயர். அது போதும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வசனத்தை எடுத்து அடுத்தவர் தலையில் ஒட்டிவிடுவது. எரேமியா 29:11 நமக்கெல்லாம் மனப்பாடம். சமாதானத்துக்கேற்ற நினைவுகள் என்று வரும் வசனம். அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் 70 வருஷச் சிறையிருப்பு என்று இருக்கிறதே, அதை யார் வாசிக்கிறோம்? துன்பத்தில் கிடந்த யோபுவைத் தேற்ற வந்த நண்பர்களும் கேட்க நன்றாயிருக்கும் வார்த்தைகளைத்தான் நிறையப் பேசினார்கள். கடைசியில் தேவன் அவர்கள்மேல் கோபங்கொள்ள, அவர்களுக்காக யோபு ஜெபிக்க வேண்டியதாயிற்று. இன்னும் சிலர் ஜெபம் என்ற பேரில் பிரசங்கமே செய்துவிடுவார்கள், பக்கத்தில் இருப்பவர் கேட்கட்டும் என்று! சரி, அதை விடுங்கள்.

இயேசு தம் சீஷன் பேதுருவுக்காக என்ன வேண்டிக்கொண்டார்? சாத்தான் கோதுமையைப்போலப் புடைக்கக் கேட்டான் என்கிறார். புடைக்க விடாதேயும் என்று வேண்டிக்கொண்டதாக லூக்கா எழுதவில்லை. விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு வேண்டிக்கொண்டேன் என்பதே இயேசுவின் வார்த்தை. அன்றிரவே பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்றுதரம் மறுதலித்தார். ஆனால் "நீ குணப்பட்டபின்பு" என்று அவர் திரும்பி வருவதையும் இயேசு முன்பே பேசிவிட்டார். விழப்போகிற ஒருவருக்காக எப்படி ஜெபிப்பது என்று தெரியாமல் திணறிய நாட்களில் இந்த இரண்டு வசனங்கள்தான் எனக்கு இருந்தன.

ஆறுதல் வசனம் எதுவும் பொருந்தாத துக்கமும் உண்டு. அப்போது நான் 88ஆம் சங்கீதத்தைத் திறப்பேன். அது விடிவு வராமலே முடிகிறது. சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனார்கள் என்பதுதான் கடைசிப் புலம்பல். அந்த வரியைத் துக்கப்படுகிறவரின் பெயரோடு சத்தமாக வாசித்துவிட்டு, அப்புறம் எழுந்து அவர் வீட்டுக்குப் போவேன்.