பார்க்கப் போவதும் பழகப் போவதும்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவர்களை ஒரு முதியோர் இல்லத்துக்கோ, குழந்தைகள் காப்பகத்துக்கோ, மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புப் பள்ளிக்கோ அழைத்துச் செல்லும் வழக்கம் தமிழ்நாட்டின் பல பள்ளிகளில் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம் ஆகியவற்றின் பொறுப்பாசிரியர்கள், தங்கள் வழக்கமான வேலைகளுக்கு நடுவே முயன்று செய்யும் நல்ல காரியம் அது. நானும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்து மாணவர்களை அப்படி அழைத்துச் சென்றவள்தான். பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணரும் மனத்தைப் பாடப்புத்தகம் மட்டும் உண்டாக்கிவிடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், ஓர் இல்லத்தின் வாசற்படியை மிதித்துவிட்டாலே அந்த மனம் வந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வழக்கமான வருகை எப்படி நடக்கிறது என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாள். இல்லாவிட்டால் காந்தி ஜயந்தி. இல்லாவிட்டால் தீபாவளிக்கு முந்திய வாரம். இல்லத்தில் இருப்பவர்களைக் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் எதிரே நின்று ஒரு பாட்டுப் பாடுகிறார்கள், பழமும் ரொட்டியும் போர்வையும் கொடுக்கிறார்கள், பள்ளியின் பெயர் எழுதிய பதாகையை விரித்து நிழற்படம் எடுத்துக்கொள்கிறார்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்பாகப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் இல்லங்களில் ஒருவேளைச் சாப்பாடு போடும் நம் ஊர் வழக்கத்தின் சாயல் அப்படியே இதில் படிந்திருக்கிறது. அந்தச் சாப்பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. பல இல்லங்களில் அடுப்பு எரிவதற்கு அதுவே துணை. ஆயினும், கொடுப்பவர் நின்றுகொண்டும் பெறுபவர் உட்கார்ந்துகொண்டும் இருக்கும் அந்த ஏற்பாட்டைத்தான், நாம் சொல்லும் எந்த அறிவுரையையும்விட அழுத்தமாக, பன்னிரண்டு வயதுப் பிள்ளை மனத்தில் வாங்கிக்கொள்கிறது.

மறுநாள் வகுப்பில் எழுதச் சொன்னால் அது தெரிந்துவிடும். கடவுள் எனக்குக் கையும் காலும் நன்றாகக் கொடுத்திருக்கிறார், இனி நான் எதற்கும் குறைப்பட மாட்டேன் என்ற கருத்தில்லாத கட்டுரை அரிது. பிள்ளை மேல் குற்றமில்லை, அது உண்மையாகவே நெகிழ்ந்துதான் எழுதியிருக்கும். ஆனால், அந்தப் பக்கங்கள் முழுவதையும் புரட்டினாலும், அங்கே சந்தித்த ஒருவருடைய பெயர்கூட இருக்காது. அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், முன்பு என்ன வேலை பார்த்தார் என்ற செய்தி எதுவும் இருக்காது. பெயர் தெரியாத ஒருவர் மீது பரிதாபம் வரலாம், பரிவு வருவது கடினம்.

ஒரு கூட்டத்தாரைப் பற்றி இன்னொரு கூட்டத்தார் மனத்தில் இருக்கும் தவறான எண்ணங்கள் எப்போது மாறுகின்றன என்பதை அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது மட்டும் போதாது. சந்திக்கும் அந்த நேரத்திலாவது இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும், இருவருக்கும் பொதுவான ஒரு நோக்கம் வேண்டும், அதற்காக ஒத்துழைக்க வேண்டும், பெரியவர்களும் நிறுவனமும் அதற்கு ஆதரவாக நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. நம்முடைய வழக்கமான வருகையை இந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள். பள்ளியின் ஆதரவு இருக்கும். மற்ற மூன்றும் பெரும்பாலும் இருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாணவர்களின் கண்ணைத் துணியால் கட்டி நடக்கவிட்டு, பார்வையற்றவர்களின் நிலையை உணரச் செய்வதாகச் சொல்லும் பயிற்சி சில பள்ளிகளில் நடக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் நடக்கிறது. ஆனால் கொலராடோ பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அப்படிக் கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை செய்யவோ தனித்து வாழவோ முடியும் என்பதை அப்படிக் கட்டாதவர்களைவிடக் குறைவாகவே நம்பினார்கள் என்று தெரியவந்தது. ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ஏரியல் சில்வர்மன் தாமே பார்வையற்றவர். யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. கண்ணைக் கட்டிய பிள்ளைக்குக் கிடைப்பது பார்வை போன முதல் ஐந்து நிமிடத்தின் தடுமாற்றம் மட்டுமே. வெண்கோலைப் பிடித்துப் பல ஆண்டுகள் பழகி, பேருந்து மாறி, அலுவலகம் போய் வருபவருடைய தேர்ச்சி அந்த ஐந்து நிமிடத்தில் கிடைக்காது. கண்ணைக் கட்டுவதற்குப் பதிலாக, அப்படித் தினமும் வேலைக்குப் போய் வரும் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, சாலையைக் கடப்பதை எப்படிக் கணிக்கிறார், கைப்பேசித் திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் திரை வாசிப்பானை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று செய்து காட்டச் சொன்னால், பிள்ளைகள் வியப்போடு கேட்பார்கள்.

அப்படியானால் வருகையை எப்படி அமைப்பது? முதல் வேலை, போக நினைக்கும் இல்லத்தாரைக் கேட்பது. எந்த நேரம் அவர்களுக்கு வசதி, எத்தனை பேர் வந்தால் இடைஞ்சல் இல்லை, என்ன கொண்டுவந்தால் பயன்படும் என்று கேட்க வேண்டும். நூறு மாணவர்கள் ஒரே நாளில் போவதைவிட, எட்டுப் பேர் மாதம் ஒருமுறை, ஓராண்டு முழுவதும் போவது மேல். கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிறு சான்று: முதியோர் இல்லங்களில் சர்க்கரை நோயாளிகள் பலர் இருப்பார்கள், தீபாவளி வாரத்தில் அங்கே குவிவதோ லட்டும் மைசூர்பாகும். மீதி மாதங்களில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க ஆளிருக்காது.

நிழற்படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைகள் இல்லத்தில் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு குழந்தையின் பெயர், படம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது இடமளிக்கிறது. சட்டம் இருப்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. தான் ஒரு இல்லத்தில் வளர்ந்ததை யாரிடம், எப்போது சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அந்தக் குழந்தைக்கே உரியது. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்த உரிமை இல்லை. பெரியவர்களானாலும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்பதைப் பேருந்து ஏறுமுன் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். முதியோர் இல்லம் ஒன்றில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நால்வரை உட்கார வைத்து, அவருடைய பணி அனுபவத்தைக் கேட்டு எழுதச் சொன்னோம். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாமல் இருக்க, பாதையில் செல்ல அனுமதி அடையாளமாகப் பிரம்பு வளையத்தில் வைத்த ஒரு உலோக வில்லையை ஓடும் ரயிலின் ஓட்டுநரிடம் கைமாற்றிய கதையை அவர் சொல்லத் தொடங்கினார். பிள்ளைகள் நம்பவில்லை. மழைக்காலத்து இரவில் எப்படி, கை தவறினால் என்ன ஆகும் என்று துளைத்தெடுத்தார்கள். அவர் எழுந்து நின்று, தோளை எந்த அளவுக்குச் சாய்த்து வளையத்தை வாங்க வேண்டும் என்று காட்டினார். அந்த அரை மணி நேரம் அவர் சொல்லிக்கொடுப்பவராகவும், பிள்ளைகள் கற்றுக்கொள்பவர்களாகவும் இருந்தார்கள். அடுத்த மாதம் போனபோது, எழுதியதில் இருந்த பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் தயாராக வைத்திருந்தார்.

மூளை முடக்குவாதத்தால் பேச்சு வராத இளைஞர்களோடு பழகும்போது பிள்ளைகள் கற்கும் பாடம் வேறு. எழுத்துகளும் படங்களும் அச்சிட்ட தொடர்பு அட்டை ஒன்று அந்த இளைஞரின் மடியில் இருக்கும். அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டுவார். கை நடுங்கும், விரல் பக்கத்துக் கட்டத்துக்கு நழுவும், மீண்டும் தொடுவார். இரண்டாவது எழுத்திலேயே நம் பிள்ளைகள் வாக்கியத்தை ஊகித்து முடித்துவிடப் பார்ப்பார்கள். ஒரு மாணவி 'தண்ணி வேணுமா?' என்று கேட்டுத் தம்ளரை எடுக்கவே போய்விட்டாள். அவர் தலையை ஆட்டி மறுத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். அவர் கேட்டது, தமிழ் வாத்தியார் உங்களை அடிப்பாரா என்பது! எல்லோரும் சிரித்தோம், அவர்தான் அதிகம் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த மாணவி கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுப் படித்து, அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். காத்திருப்பதும் ஒரு மரியாதைதான் என்பதை எந்தச் சொற்பொழிவாலும் அவளுக்கு அவ்வளவு விரைவில் கற்றுத்தந்திருக்க முடியாது.

எந்த இடத்துக்கு அழைத்துச் செல்கிறோம் என்பதும் முக்கியம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரிக்கான தேர்வில் முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்தவர். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவரோடு சேர்ந்து நிறுவனத்தை வளர்த்த எஸ். சங்கரராமன், தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்கர். அப்படிப்பட்ட இடத்தில், உதவி பெறுபவர் நாற்காலியிலும் உதவி செய்பவர் நின்றுகொண்டும் இருப்பார் என்ற கணக்கு தலைகீழாகிவிடுகிறது. கையெழுத்துப் போட்டுச் சம்பளம் கொடுப்பவரே சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள்.

திரும்பி வந்த பிறகு கட்டுரை எழுதச் சொல்வதோடு, ஓர் அளவுநாடாவையும் கையில் கொடுங்கள். சாய்தளம், உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு என்ற சரிவில் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது, 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளமாவது வேண்டும். தங்கள் பள்ளியின் சாய்தளத்தை, கழிப்பறைக் கதவின் அகலத்தை, குடிநீர்க் குழாயின் உயரத்தை மாணவர்களே அளந்து தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுதிக் கொடுக்கட்டும். இல்லத்தில் பார்த்த அண்ணன் நம் பள்ளிக்கு வந்தால் உள்ளே நுழைய முடியுமா என்ற கேள்வி எழும்போதுதான், நெகிழ்ச்சி செயலாக மாறத் தொடங்குகிறது.

கடைசியாக, எனக்கு மிகவும் வேண்டிய ஒரு செய்தி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த இல்லத்திலும் இல்லை. நம் தெருவில், நம் வீட்டில் இருக்கிறார்கள். கடுமையான உடற்குறைபாட்டால் பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் பெயர் அருகிலுள்ள பள்ளியின் பதிவேட்டில் இருக்கும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வீடு தேடிச் சென்று பயிற்சி கொடுப்பார். தங்கள் வகுப்புப் பதிவேட்டில் இருக்கும் அந்தப் பிள்ளையின் முகத்தை வகுப்புத் தோழர்கள் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்கள். ஐம்பது கிலோமீட்டர் பேருந்தில் போய் இல்லத்தைப் பார்க்கும் நாம், அடுத்த தெருவில் இருக்கும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை.

அங்கே இரண்டு மூன்று பேர் போனால் போதும். பிள்ளையின் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சொல்லும் நேரத்தில் போக வேண்டும். பழக்கூடை வேண்டாம். அந்த வாரம் வகுப்பில் நடந்ததைச் சொல்லலாம், சேர்ந்து வரையலாம், தாயம் விளையாடலாம். பேச முடியாத பிள்ளையானாலும் அதன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், அம்மாவைப் பார்த்து அல்ல. ஆண்டு விழாவுக்கும் வகுப்பு நிழற்படத்துக்கும், பெற்றோர் விரும்பினால், அந்தப் பிள்ளையை அழைத்துவர வேண்டும். வரும் ஜூன் மாதத்தில் சேர்க்கைப் பதிவேட்டைச் சரிபார்க்கும் தலைமையாசிரியர்கள், அப்படிப்பட்ட பெயர்களைத் தனியே குறித்து, வகுப்பாசிரியரையும் சிறப்புப் பயிற்றுநரையும் அழைத்துப் பேசி, முதல் பருவத்துக்குள் இதைத் தொடங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.