சட்டைப் பொத்தானும் சில கலைச்சொற்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள், சேர்ந்த பிறகு முதல் பாடப் புத்தகத்தைப் புரட்டி மிரண்டு போனவர்கள், இன்றைக்கு என் பேச்சு உங்களோடுதான். பெற்றோரும் கேட்கலாம். சொல்லப்போகும் பாதி விஷயம் உங்கள் வீட்டுக்குள் நடப்பதுதான்.

அந்தப் புத்தகத்தில் கலைச்சொற்கள் நிறைய. வரையறைகளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிடலாம். ஆனால் நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு இந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன் என்ற கேள்விக்கு அந்தச் சொல் பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் அது இன்னும் நமக்குப் பிடிபடவில்லை என்றே அர்த்தம்.

சட்டம் பற்றிக் கொஞ்சம். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் சொன்னது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் அது 21 ஆனது. ஆட்டிசமும் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அந்தப் பட்டியலில் உண்டு. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை இருக்கிறது. நீங்கள் படிப்பை முடித்ததும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், அதை மறக்காதீர்கள். சட்டம் இவ்வளவு போதும். சான்றிதழில் 60 விழுக்காடு என்று இருக்கும். அதை வைத்துச் சலுகை கேட்கலாம். பாடத்தை எங்கே ஆரம்பிப்பது என்று அந்த 60 உங்களுக்குச் சொல்லாது.

அதைச் சொல்வது பேஸ்லைன். தமிழில் அடிப்படை நிலை என்பார்கள். கற்றுக்கொடுக்க ஆரம்பிக்கும் முன்பு, யார் உதவியும் இல்லாமல் இந்தப் பிள்ளை இன்று எதுவரை செய்கிறது என்ற கணக்கு. சுலபமாகத் தெரிகிறது, இல்லையா? இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். மேசையில் மூன்று படங்களை வைத்து, "வாழைப்பழம் எது, காட்டு" என்று கேட்பார்கள். கேட்கும்போதே அவர்கள் கண் வாழைப்பழத்தின் மேல் இருக்கும். பிள்ளை படத்தைப் பார்க்காது, உங்கள் கண்ணைப் பார்த்துச் சரியாக எடுத்துவிடும். இன்னொன்று, சரியான படத்தை எப்போதும் வலது கைப்பக்கமே வைப்பது. ஆகவே இடத்தை மாற்றி மாற்றி வையுங்கள், பார்வையை பிள்ளையின் முகத்தில் வையுங்கள், தப்பாக எடுத்தால் திருத்தாமல் குறித்துக்கொள்ளுங்கள். இது அளக்கும் நேரம். பாடம் அப்புறம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பணிப் பகுப்பாய்வு. ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது. பள்ளிச் சீருடைச் சட்டையின் ஒரு பொத்தானை எடுத்துக்கொள்வோம். பையன்கள் சட்டையில் பொத்தான் வலப்பக்கம், காஜா இடப்பக்கம். இடது கையால் காஜா ஓரத்தைப் பிடிப்பது ஒன்று. வலது கைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பொத்தானைப் பிடிப்பது இரண்டு. காஜாவுக்கு நேரே கொண்டுவருவது மூன்று. பொத்தான் ஓரத்தைப் பாதி வரை நுழைப்பது நான்கு. வெளியே எட்டிப் பார்க்கும் பாதியை இடது கை விரல்கள் வாங்கிக்கொள்வது ஐந்து. இழுத்து முடிப்பது ஆறு.

அந்த ஐந்தாவது படியைக் கவனியுங்கள். இடது கை வாங்குவதற்குள் வலது கை விட்டுவிடும். பொத்தான் பழையபடி உள்ளே போய்விடும். "இவனுக்குப் பொத்தான் போட வரவில்லை" என்று எழுதிவிடுகிறோம். அவனுக்கு ஐந்து படி வருகிறது ஐயா, ஒன்றுதான் வரவில்லை!

சரி, எந்தப் படியிலிருந்து சொல்லிக்கொடுப்பது? கடைசியிலிருந்து. முதல் ஐந்தையும் நீங்கள் செய்யுங்கள், ஆறாவதை மட்டும் பிள்ளை இழுக்கட்டும். அது நிலையானதும் ஐந்தும் ஆறும் பிள்ளையுடையது. இதற்குப் பின்னோக்குச் சங்கிலி என்று பெயர். ஒவ்வொரு முறையும் வேலை முடிவது பிள்ளையின் கையில் என்பதுதான் இதில் இருக்கும் சூட்சுமம்.

எதிரே உட்காராதீர்கள், உங்கள் வலது அவனுக்கு இடதாகிவிடும். பின்னாலோ பக்கத்திலோ உட்காருங்கள். கழுத்துப் பொத்தான் அவன் கண்ணுக்கே தெரியாது, வயிற்றுக்கு நேரே இருப்பதில் ஆரம்பியுங்கள். புதுச் சட்டையின் காஜா இறுக்கமாக இருக்கும், பலமுறை துவைத்த சட்டை நல்லது. அட்டையில் தைத்த பொத்தானிலேயே பழக்கிக்கொண்டிருந்தால், உடம்பில் இருக்கும் சட்டையில் அது வராமல் போகலாம்.

கற்றதை வேறு இடத்தில் செய்வதற்குப் பொதுமைப்படுத்தல் என்று பெயர். வகுப்பில் பிளாஸ்டிக் காசை எண்ணும் பிள்ளை, தெருமுனைப் பெட்டிக்கடையில் பத்து ரூபாயை நீட்டத் தெரியாமல் நிற்பதும் அது நடக்காததால்தான். கடைக்கே கூட்டிப் போக வேண்டும். வேறு வழியில்லை.

அடுத்து உதவி, அதாவது பிராம்ப்ட். கை மேல் கை வைத்துச் செய்விப்பது, முழங்கையை லேசாகத் தொடுவது, விரலால் காட்டுவது, வாயால் சொல்வது. வாய்ச்சொல்தான் இருப்பதிலேயே லேசான உதவி என்று பலர் நினைக்கிறார்கள். விலக்கிக்கொள்வதற்குக் கஷ்டமானதும் அதுதான். "இழு, இழு" என்று நாம் சொல்லாமல் பிள்ளை இழுக்காத நிலை வந்துவிடும். சொல்வதற்கு முன் ஐந்து விநாடி காத்திருங்கள். மனதுக்குள் எண்ணுங்கள். ஐந்து விநாடி ரொம்ப நீளமாகத் தெரியும். பரவாயில்லை.

தனிநபர் கல்வித் திட்டம் என்பது இவற்றையெல்லாம் தாளில் எழுதுவது. "கணிதத்தில் முன்னேற்றம் அடைவாள்" என்று எழுதினால் அதை யாரும் சரிபார்க்க முடியாது. "ஒன்று முதல் பத்து வரை எண் அட்டையைக் காட்டினால், அந்த எண்ணிக்கையில் புளியங்கொட்டைகளை உதவியின்றி எடுத்து வைப்பாள். ஐந்து வாய்ப்பில் நான்கு சரி, தொடர்ந்து மூன்று நாள்." இப்படி எழுதினால் லீவு போட்ட உங்களுக்குப் பதிலாக வரும் ஆசிரியரும் அதே இடத்திலிருந்து தொடரலாம்.

பரீட்சையில் குழப்பும் ஒரு ஜோடி: அக்காமடேஷன், மாடிஃபிகேஷன். கூடுதல் நேரம், பெரிய எழுத்து, சொல்வதை எழுத ஆள் கொடுப்பது முதல் வகை. பாடம் அதேதான், வழி மட்டும் வேறு. பாடத்தையே குறைத்தால் அல்லது எளிமையாக்கினால் இரண்டாவது.

நடத்தைச் சிக்கல் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப்புறம் கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நோட்டில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரியுங்கள். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன கிடைத்தது. கணக்கு நோட்டை நீட்டினீர்கள், அவன் வீசி எறிந்தான், வெளியே நிற்க வைத்தீர்கள். நீங்கள் அதைத் தண்டனை என்று நினைக்கிறீர்கள். அவனுக்குக் கணக்கிலிருந்து விடுதலை. நாளைக்கும் எறிவான். கணக்கின் அளவைக் குறையுங்கள், "ஓய்வு வேணும்" என்று காட்ட ஒரு அட்டை கொடுங்கள், அதைக் காட்டியதும் ஓய்வு கொடுங்கள். மூன்றாவது பத்தியை விடாமல் நிரப்புங்கள், அதைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.