பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும்: கொயர் ஒலிப்பதிவும் அலமாரிக் கேசட்டுகளும்

(வேலூரில் கொயர்கள், அதாவது ஆலயப் பாடகர் குழுக்கள், கூடிய மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் பேராயர் அவர்களே, மறைமாவட்டத்தின் சார்பில் வருகை தந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, வாடகை என்ற பேச்சே எடுக்காமல் அரங்கத்தைத் திறந்துவிட்ட கல்லூரி முதல்வர் அவர்களே, அலுவலக வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் மாவட்ட மைய நூலகர் அம்மா அவர்களே, ராணிப்பேட்டை, ஆற்காடு, வாலாஜா, ஆரணி, குடியாத்தம், காட்பாடி என்று பழைய வட ஆற்காட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்திருக்கும் கொயர் மாஸ்டர்களே, ஆர்கனிஸ்டுகளே, எந்தப் புகைப்படத்திலும் தலை மட்டுமே தெரியும் பின்வரிசை பேஸ் என்னும் கீழ்க்குரல் பாடகர்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான மாலை வணக்கம். வரவேற்புரை ஆற்றிய ஐயா அவர்கள் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. அதற்குப் பதில் ஆளுக்கொரு பழைய கேசட்டைக் கையில் கொடுத்திருந்தால் இரட்டிப்பாக மகிழ்ந்திருப்பேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்று விஷயம் பேச வேண்டும் என்று குறித்து வந்திருக்கிறேன். கொயரை ஒலிப்பதிவு செய்வது எப்படி என்பது முதலாவது. உலகக் கொயர் செய்திகள் இரண்டாவது. நல்ல ஒலிப்பதிவைக் கேட்டு அதிலிருந்து பயிற்சி எடுப்பது எப்படி என்பது மூன்றாவது.

நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும். ஒலிப்பதிவுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. ஏன் என்பதற்கு ஒரு கதை. கதை என்றால் நடந்த கதை.

1888-ஆம் ஆண்டு ஜூன் 29. லண்டனுக்குத் தெற்கே கிரிஸ்டல் பேலஸ். பெயருக்கேற்றபடி இரும்பும் கண்ணாடியும் கொண்டு கட்டிய பிரம்மாண்டமான மாளிகை. அங்கே ஹாண்டல் என்ற இசையமைப்பாளர் பெயரில் விழா நடக்கிறது. 'இஸ்ரேல் இன் ஈஜிப்ட்' என்ற படைப்பைப் பாடுகிறார்கள். கொயரில் எத்தனை பேர்? நம் ஆலயத்தில் முப்பது பேர் வந்தால் கொயர் மாஸ்டர் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறார். அங்கே நாலாயிரம் பேர்! கேட்க வந்த கூட்டம் இருபதாயிரத்துக்கு மேல். நடத்துபவர் ஆகஸ்ட் மான்ஸ். (கைதட்டல்) இருங்கள், கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

எடிசன் புதிதாகச் செம்மைப்படுத்திய ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுப் பெட்டி அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து லண்டன் வந்து இறங்கியிருந்தது. கொண்டு வந்து காட்டியவர் எடிசனின் பிரதிநிதி கர்னல் கூரோ. அவர் அந்தப் பெட்டியைப் பத்திரிகையாளர் மாடத்தில் வைத்துவிட்டார். கொயருக்கும் பெட்டிக்கும் இடையே சுமார் நூறு கெஜம். நம் கணக்கில் முந்நூறு அடி. மின்சார மைக் கிடையாது. பெருக்கிக் கொடுக்க ஆம்பிளிஃபயர் கிடையாது. ஒரு கூம்பு, ஒரு தகடு, ஒரு ஊசி, மஞ்சள் நிற மெழுகு உருளை, அவ்வளவுதான். நாலாயிரம் தொண்டைகளின் காற்றழுத்தம் முந்நூறு அடி தாண்டி வந்து ஊசியை ஆட்ட வேண்டும். கண்ணாடிக் கூரையில் முட்டித் திரும்பும் எதிரொலியோ நேரடிக் குரலோடு கலந்து வந்து விழுகிறது. உருளையில் பதிந்தது என்ன? பெரும் இரைச்சல், அதற்கு அடியில் ஏதோ மனிதக் குரல்கள் ஏறி இறங்குவது மட்டும். சொல் ஒன்றும் புரியாது.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 1936 நவம்பர் 30 அன்று அந்த மாளிகை தீப்பிடித்து எரிந்து போனது. பாடிய நாலாயிரம் பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூரோ போய்விட்டார், மான்ஸ் போய்விட்டார். மெழுகு உருளைகள் மூன்று இன்றும் இருக்கின்றன. இசையின் ஒலிப்பதிவுகளில் நமக்கு மிஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றில் அவையும் சேர்ந்தவை. அழகான ஒலிப்பதிவா? இல்லை. ஆனால் இருக்கிறது. கேசட் விஷயத்துக்கு வரும்போது இந்த 'இருக்கிறது' என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நாலாயிரம் பேர் செய்யாததைப் பிறகு மின்சாரம் செய்தது. 1925 மார்ச் 31 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில் கொலம்பியா நிறுவனம் 850 ஆண் பாடகர்களை மின்சார மைக்கில் பதிவு செய்தது. அதற்கு முன்பெல்லாம் கொயர் என்றால் ஒரு சிறு கும்பலைக் கூம்புக்கு முன்னால் நெருக்கியடித்து நிற்க வைப்பார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நம் குழுக்கள் செய்யும் முதல் தப்பு, கூரோ செய்ததற்கு நேர் எதிர். அவர் முந்நூறு அடி தள்ளி வைத்தார். நாம் முன்வரிசை மூக்குக்கு நேரே வைக்கிறோம். முன்வரிசையில் யார்? சொப்ரானோ என்னும் உச்சக்குரல் பாடும் அக்கா இரண்டு பேர். பதிவில் கேட்பது அவர்கள் இருவர் மட்டும்தான். மற்றவர்கள் பக்கத்து வீட்டில் பாடுவதாகத் தோன்றும். ஒரே ஜோடி மைக் போதும். முன்வரிசையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, மூன்று மீட்டர் உயரத்தில், பின்வரிசையின் வாயைப் பார்க்கும்படி சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். முன்பக்கத்து ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக் என்றால் இரண்டு முனைகளுக்கும் நடுவே 17 சென்டிமீட்டர், இரண்டுக்கும் இடைக்கோணம் 110 டிகிரி. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த ஓ.ஆர்.டி.எஃப். அளவு இது. ஒவ்வொரு குரல் பிரிவுக்கும் ஒரு மைக் என்று நான்கு வைத்து மிக்ஸரில் கலந்தால், ஒரே குரல் நான்கு மைக்குக்கும் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்து ஒன்றையொன்று அரித்துவிடும். பதிவு செய்ததை மோனோவில், அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து, போட்டுப் பாருங்கள். குரல் மெலிந்து தகரம் தட்டினாற்போல ஆனால் கோளாறு அங்கேதான்.

பதிவின் ஒலி அளவை முதல் சரணத்தில் பார்த்து வைக்காதீர்கள். பாட்டிலேயே அதிகம் முழங்கும் இடத்தை முதலில் பாடச் சொல்லி, அங்கே முள் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி வையுங்கள். பதிவு மெஷினில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத வேவ் கோப்பு என்று வையுங்கள். எம்.பி.3 பகிர்வதற்கு மட்டும்.

அடுத்து மின்விசிறியும் டியூப்லைட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட் சோக் அதன் இரட்டிப்பில், 100 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். பேஸ் பாடகரின் கீழ் 'ஜி' ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். கம்ப்யூட்டரில் அந்த இரைச்சலை வெட்டினால் பின்வரிசை அண்ணன் குரலையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். ஆகவே வெட்டாதீர்கள், விளக்கை அணையுங்கள். விசிறியையும் அணைக்க வேண்டும். வேலூர் வெயிலில் அது எப்படி என்று கேட்பீர்கள். அதனால்தான் விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணிக்குள் முடிக்கச் சொல்கிறேன், அதுவும் மார்கழி, தை மாதங்களில். அதிகாலைப் பாங்கு, கோயில் ஒலிபெருக்கி, காட்பாடி பக்கம் என்றால் ரயில், எல்லாவற்றின் நேரத்தையும் முதல் நாளே கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் இருக்கும் 1846-ஆம் ஆண்டுத் தூய யோவான் ஆலயத்தில் மைக் நிற்கும் தூரம் வேறு, பாய் விரித்து ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கும் கிராமத்து ஆலயத்தில் நிற்கும் தூரம் வேறு. ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும்!

தமிழில் பாடும்போது பதிவில் காட்டிக்கொடுப்பவை வரியின் கடைசி எழுத்துகள். 'ம்' என்று முடியும் இடத்தில் முப்பது பேரும் முப்பது நேரத்தில் வாயை மூடினால் ஆலயத்தில் தெரியாது, மைக்கில் தெரியும். எந்த அடியில் மூட வேண்டும் என்று கொயர் மாஸ்டர் பென்சிலால் குறித்துக் கொடுக்க வேண்டும். ஆர்கன் இல்லாமல் பாடினால் சுருதி இறங்கும். ஒரே ஸ்வரத்தில் நிற்கும் இடத்திலும், படிப்படியாக இறங்கி வரும் இடத்திலும், அரை மூச்சில் பாடும் இடத்திலும் இறங்கும். பாட்டு முடிந்ததும் கீபோர்டில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இறங்குகிறது என்றால் திட்டாதீர்கள், பாட்டையே அரை ஸ்வரம் ஏற்றியோ இறக்கியோ தொடங்குங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். பாடி முடித்த பிறகு, கொயர் மாஸ்டர் கையை இறக்கும் வரை யாரும் தாள் புரட்டக்கூடாது, இருமக்கூடாது. கடைசியில் யாரும் அசையாமல் அரை நிமிடம் அறையின் அமைதியை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள். பதிவை வெட்டி ஒட்டுப்போட உதவும்.

இரண்டாவது, உலகச் செய்தி. சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல்வர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் கிறிஸ்துமஸ் முந்திய நாள் ஆராதனை 1918-ல் தொடங்கியது, 1928-லிருந்து வானொலியில் வருகிறது. எஸ்தோனியா நாட்டில் 1869-ல் தொடங்கிய பாட்டுத் திருவிழா 2025 ஜூலையிலும் தாலின் நகரில் நடந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2024-ல் 'உலகக் கொயர் விளையாட்டுகள்' என்ற கொயர் போட்டி நடந்தது. நம் நாட்டில், ஷில்லாங் சேம்பர் கொயரை உருவாக்கிய நீல் நோங்கின்ரி 2022 ஜனவரியில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள்.

எம்.பி.ஸ்ரீனிவாசனுக்கு மட்டும் ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். சினிமா இசையமைப்பாளர், மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கியவர், பாரதி பாட்டைக் கொயருக்குக் கொண்டுவந்தவர், 1988-ல் மறைந்தவர். பிறந்த ஊர் சித்தூர். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் எது? அதே சித்தூர்தான்! 2025 அவருடைய நூற்றாண்டு. அதை நாம் எப்படிக் கொண்டாடினோம் என்று கேட்டு மேடையில் இருப்பவர்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

இப்போது கேசட். மூன்றாவது விஷயத்தை இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம், இது அவசரம்.

அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் 1853-ல் தொடங்கியது. அன்றிலிருந்து இந்த மாவட்டத்தில் கீர்த்தனையும் பாமாலையும் குழுவாகப் பாடி வருகிறார்கள். முதல் நூறு ஆண்டின் குரல் நம்மிடம் ஏறக்குறைய இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் டேப் ரெக்கார்டர் வந்த பிறகு பாடியது இருக்கிறது. எங்கே? திருச்சபைச் சேகர அலுவலக அலமாரியில், காலம் சென்ற ஆர்கனிஸ்ட் வீட்டுப் பரணில், நாப்தலின் உருண்டையோடு. வேலூர் மே மாதத்தில் ஓட்டு வீட்டுப் பரண் எவ்வளவு சுடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டேப்பில் காந்தத்தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை இளகுகிறது. டேப்பை, அதைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்து விழுகிறது. 60 நிமிடம் ஓடும் சி-60 தாங்கும், சி-90 அதைவிட மெல்லியது, சி-120 என்றால் நூலாய் இழுபட்டு அறுந்துவிடும்.

செய்ய வேண்டியது என்ன? கம்பளித் துண்டு விழுந்திருந்தால் திருகாணி போட்ட வேறு கூட்டுக்கு டேப்பை மாற்ற வேண்டும். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் சுத்தம் செய்துவிட்டு, ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டி, முழுக்கப் பின்னே ஓட்டி, டேப்பின் இறுக்கத்தைச் சமப்படுத்த வேண்டும். பிறகு ஹெட்டின் சாய்வு. பதிந்த மெஷினின் சாய்வும் ஓட்டும் மெஷினின் சாய்வும் ஒத்துப் போகாவிட்டால் பாட்டு கம்பளிக்குள் பாடினது போல மங்கும். மோனோவில் கேட்டுக்கொண்டே ஹெட் பக்கத்துத் திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று திருப்பினால் 'ச' எழுத்துகள் பளிச்சென்று தெளியும் ஓரிடம் வரும். அதுதான் அந்தக் கேசட்டுக்கான இடம். அடுத்த கேசட்டுக்கு வேறு இடம். ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும்... மீதியை நீங்களே சொல்லுங்கள்! (சிரிப்பு)

இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலப் பிரதியில் போடவே கூடாது. அதை நகலில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு சொன்ன 24 பிட் அளவில் பதிந்தால் 90 நிமிடக் கேசட் சுமார் ஒன்றரை ஜி.பி. ஆகும். 500 ஜி.பி. டிஸ்க் ஒன்றில் முந்நூறு கேசட் அடங்கும். மூன்று பிரதிகள் வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில். கேசட் உறையில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். கூடவே எந்த ஆலயம், எந்தப் பண்டிகை, யார் நடத்தினார், யார் ஆர்கன் வாசித்தார், யார் யார் பாடினார் என்பதை அந்தக் குழுவில் உயிரோடு இருக்கும் மூத்தவரை உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். கடையில் விற்ற கேசட்டாக இருந்தால் பாதுகாத்து வையுங்கள், பரப்பாதீர்கள். ஒலிப்பதிவுக்கு நம் சட்டப்படி வெளியான பிறகு அறுபது ஆண்டு உரிமை உண்டு. உங்கள் குழுவே பாடியது என்றால் குழுவிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

நூலகர் அம்மா அவர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒரு பூட்டு போட்ட சிறிய அறை. இரண்டு கேசட் டெக், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு டிஸ்க்கை இந்தக் குழுக்கள் சேர்ந்து வாங்கிக் கொடுக்கும். கொடுப்போமா? (கைதட்டல்) சத்தம் கேட்டீர்களா அம்மா? சனிக்கிழமைதோறும் ஒரு குழு தன் கேசட்டோடு வந்து உட்காரட்டும். பேராயர் அவர்களும் அருட்தந்தை அவர்களும் தத்தம் ஆலயங்களுக்கு ஆளுக்கொரு சுற்றறிக்கை அனுப்பினால் பரணெல்லாம் திறக்கும். இரண்டு சபைக் கேசட்டும் ஒரே அலமாரியில் இருக்கலாம், சண்டை போட்டுக்கொள்ளாது.

நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. கேசட் கொண்டு வந்திருப்பவர்கள் வெளியே இடதுபக்க மேசையில் பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஓடுகிறதா என்று வீட்டு மெஷினில் போட்டுப் பார்க்காதீர்கள், பென்சிலைச் சொருகிச் சுற்றாதீர்கள். சிக்கியிருந்தால் சிக்கியபடியே கொடுங்கள்.