அலுவலகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் கற்றுக்கொள்ளட்டும்

எல்லோருக்கும் வணக்கமுங்க.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டுமென்றால் இன்று யாருக்கும் புரிகிறது. பேச்சு வராத ஒருவர் அதே வாசலில் ஏறி உள்ளே வந்தால், அவருக்கு அங்கே என்ன இருக்கிறது? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. எழுத்து, சைகை, எளிய மொழி எல்லாமே தகவல் தொடர்புதான் என்று அந்தச் சட்டம் ஏற்கிறது. அலுவலகக் கவுண்டர்களில் இருப்பவர்கள் இன்னும் ஏற்கவில்லை.

எங்கள் அப்பாரு காலமெல்லாம் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போய் வந்தவர். பக்கவாதம் வந்து வலது கையோடு பேச்சும் போனது. வலது கையை இயக்குவது மூளையின் இடது பக்கம்; பெரும்பாலானோருக்கு மொழியும் அங்கேயே இருப்பதால் இப்படி இரண்டும் சேர்ந்தே போவதுண்டு. சிலருக்குக் கேட்பது புரிவதும் சிரமமாகலாம். ஆனால் அறிவு மங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. யாரிடம் எவ்வளவு பாக்கி என்பது அப்பாருக்குத் துல்லியமாகத் தெரியும்.

ஒரு வங்கியில், அவர் எதிரிலேயே, "பெரியவர் என்ன சொல்றாருங்க?" என்று என்னைக் கேட்டார்கள். அவர் இடது கையால் மேசையைத் தட்டினார். அப்புறம் ஒரு இளைஞர் எழுந்து வந்து, தாளில் பெரிய எழுத்தில் 'பணம்', 'நகை', 'பாஸ்புக்' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். அப்பாரு 'நகை'யைத் தொட்டார். வேலை முடிந்தது. அந்தத் தம்பி செய்ததில் எனக்குப் பெரிதாகப் பட்டது, அவசரப்படுத்தாமல் நின்றதுதான்.

நம்ம ஊருக்கு இது புதுசா? மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிறோம். விற்பவர், வாங்குபவர் இரண்டு பேரும் அந்தக் கணக்கைப் பழகியிருப்பதால்தான் அது நடக்கிறது. பேச முடியாதவரை மட்டும் பழகச் சொன்னால் எப்படி?

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கும், புற்றுநோயால் குரல்வளையை எடுத்தவர்களுக்கும், எழுத்துத் தெரிந்தால், எழுத்துகளைத் தொட்டுக் காட்ட ஒரு அட்டைப் பலகை போதும். 247 எழுத்தையும் போட்டால் தேடியே களைத்துவிடுவார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று இருந்தாலே போதும். 'ம்' தொட்டு 'ஆ' தொட்டால் 'மா'. கை வராதவருக்கு நாம் வரிசை வரிசையாகக் காட்டினால், கண் சிமிட்டித் தேர்ந்தெடுப்பார். எழுத்தும் தடுமாறுகிறவர்களுக்குப் படங்கள் நல்லது. படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் 'ஆவாஸ்' செயலி சென்னையில்தான் உருவானது. திக்கிப் பேசுபவருக்கு எந்தக் கருவியும் வேண்டாம். அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ரேஷன் கடை, அரசு மருத்துவமனைச் சீட்டு கொடுக்கும் இடம், பஞ்சாயத்து அலுவலகம் மூன்றிலும் ஒரு படப் பலகை வேண்டும். "போன் பண்ணுங்க" என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் எழுதி அனுப்பவும் ஒரு எண் வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேளுங்கள். பேச்சு வராதவரையும் பலகையோடு அழைத்துப் போங்கள். அவர் தொட்டுச் சொல்லி முடிக்கும்வரை அடுத்தவரைக் கூப்பிட வேண்டாம் என்று தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.